ஒரு செடியைப் பரிசளிப்பது

சென்ற கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு மாலை, முத்தியால்பேட்டையிலிருந்து வந்திருந்த நண்பர் புறப்படும்போது வாசற்படியில் நின்றுகொண்டு, "சார், எனக்கு ஒரு செருப்பு ஆர்க்கிட் வேணும்" என்றார். உள்ளே இருந்த என் மனைவி, "எதுக்கு செருப்பு?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்துவிட்டாள். நண்பர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். கவிதை எழுதுகிறவர். இரண்டு வருடமாக மாடியில் வாண்டாவும் டென்ட்ரோபியமும் வளர்க்கிறார். எதையும் எளிதில் கேட்டுவிடுகிறவர் அல்ல. அதனால் அந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். யோசனை பங்குனி வரை நீண்டது.

செருப்பு என்பது நாங்கள் வைத்த பெயர் அல்ல. பாஃபியோபெடிலம் என்ற தாவரவியல் பெயருக்குள்ளேயே அது இருக்கிறது. அஃப்ரோடைட்டியின் கோயில் இருந்த பாஃபோஸ் என்ற ஊரின் பெயரும், காலணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்த பெயர். பூவின் கீழ் இதழ் பை போலக் குழிந்து, முன்பக்கம் மூடிய செருப்பின் நுனியாகத் தோன்றும். பூச்சி அதற்குள் விழும். ஏறி வெளியே வர இடுக்கு வழிதான் உண்டு. அந்த வழியில் மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். நம்மிடையே செருப்பைக் கொடுப்பது மரியாதையான காரியமில்லை. பரதன் கேட்டு வாங்கிவந்தது ஒரு விதிவிலக்கு. ஆனால் அந்தப் பாதுகையும் கொடுத்தவன் இல்லாத இடத்தை நிரப்பவே வந்தது. செடியைப் பரிசாகக் கொடுப்பதிலும் இது நேர்கிறது. கொடுத்தவர் போய்விடுகிறார், செடி அவருடைய இடத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்க்கிறது. இதை நான் அனுபவத்தில் அறிந்தவன்.

நான் ஒரே ஒரு செருப்பு ஆர்க்கிட்டைத்தான் வளர்த்திருக்கிறேன். வளர்த்திருக்கிறேன் என்பதைவிடக் கொன்றிருக்கிறேன் என்பதே சரி. 1986இல் அதை எனக்குக் கொடுத்தவர், மாலை வகுப்பில் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியர். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை முசியே என்றுதான் அழைப்போம். ஓய்வு பெற்றபின் ஷில்லாங் போயிருந்தபோது யாரோ அவருக்குக் கொடுத்த செடியை, ஈரத்துணி சுற்றி, மூன்று நாள் ரயிலில் மடியில் வைத்தபடி கொண்டுவந்திருந்தார். அது இன்சிக்னே. மேகாலயாவின் காஸி மலைகளைச் சேர்ந்த இனம். இரண்டு தொட்டியாகப் பிரித்து ஒன்றை எனக்குத் தந்தார். "பூத்தா சொல்லு தம்பி, வந்து பார்க்கிறேன்" என்றார். அவருடைய பங்கு அந்த வருடமே போய்விட்டது. அதனால் என்னுடையதுதான் இருவருக்குமான செடி என்றாகிவிட்டது.

மூன்று வருடம் அது பூக்கவில்லை. இலை விட்டது, அவ்வளவுதான். 1989இல் அக்னி நட்சத்திரத்தின்போது ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பினேன். அடிக்குருத்து பழுப்பாகி, தொட்டால் கையோடு வந்தது. ஒரு புளித்த வாடை. தொட்டியோடு எடுத்துப்போய்க் குப்பையில் போட்டேன். மறுவாரம் முசியேவைக் கடற்கரையில் பார்த்தபோது அவர் கேட்டார்: "பூத்துச்சா தம்பி?" நான் சொன்னேன்: "இன்னும் இல்லை முசியே. இலை நல்லா இருக்கு."

இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு முகாந்திரமும் இல்லை. அவர் கோபித்துக்கொள்கிறவர் அல்ல. தன் செடி போனதைத் தானே சிரித்துக்கொண்டு சொன்னவர். ஆனால் ஒருமுறை சொல்லிவிட்ட பொய்யை வளர்த்தாக வேண்டியிருந்தது. அந்தச் செடியைவிட நன்றாகவே அதை வளர்த்தேன். ஒரு புது இலை வந்திருப்பதாகச் சொன்னேன். பக்கத்தில் ஒரு கன்று முளைத்திருப்பதாகச் சொன்னேன். அவர் வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்பதற்காக அவரை அழைப்பதை நிறுத்தினேன். வாரம் இருமுறை பார்த்துக்கொண்டவர்கள் மாதம் ஒருமுறை, பிறகு தற்செயலாக, என்று ஆனோம். 1994இல் அவர் காலமானார். ஐந்து வருடம் ஒரு செத்த செடி எங்கள் நடுவில் உயிரோடு இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் இந்தப் பேரினத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அறிவு காரியத்துக்குப் பின்னால் வருவது எனக்குப் புதிதல்ல. ஒரு பழைய பிரெஞ்சுத் தோட்டக்கலைப் புத்தகத்தில் ஆர்க்கிட்டுகளை இரண்டு பெரும் பிரிவாக வைத்திருந்தார்கள்: 'ஸேர் ஷோத்', 'ஸேர் ஃப்ருவாத்'. சூடான கண்ணாடி வீடு, குளிர்ந்த கண்ணாடி வீடு. இன்சிக்னே இரண்டாவதில் இருந்தது. இலையுதிர் காலத்து இரவுகள் 10 முதல் 13 டிகிரி வரை இறங்கினால்தான் அது மொட்டு வைக்க யோசிக்கும். புதுச்சேரியில் தை மாதத்து இரவுகூட அந்த அளவுக்கு இறங்குவதில்லை. அதாவது மூன்று வருடமும் அந்தச் செடி ஒரு குளிர் வரும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஷோத், ஃப்ருவாத் என்ற இரண்டு சொற்களையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முசியேதான். முதல் மாதத்துப் பாடம். செடிக்கும் அவை பொருந்தும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. 'சூடு' என்று அந்தப் புத்தகங்கள் சொல்வது நம்முடைய சூடு அல்ல. வெளியே பனி கொட்டும்போது, கரி எரித்து, கண்ணாடி வீட்டின் இரவை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதே அவர்களுக்குச் சூடு. அந்தச் சொல்லை அப்படியே தமிழில் எடுத்துக்கொண்டால், நம் ஊரின் குளிர்காலத்து இரவுகூடப் பெரும்பாலும் அவர்களுடைய சூடான அறையைத் தாண்டிவிடுகிறது. அவர்கள் கீழ் எல்லையைச் சொல்கிறார்கள். நம்முடைய கஷ்டம் முழுவதும் மேல் எல்லையில். வேறு பிரதேசத்துச் சொல்லை அர்த்தம் மாறாமல் கொண்டுவந்துவிட்டோம் என்று நம்பிக்கொள்வது மொழிபெயர்ப்பில் மட்டும் நடக்கிற அபத்தம் இல்லை.

எனவே நண்பருக்கான செடியைப் புத்தகத்திலிருந்து தேர்ந்தெடுக்க முடியாது; அவருடைய வீட்டிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். போய்ப் பார்த்தேன். மொட்டை மாடி வாண்டாவுக்குச் சரி. வெயில் கேட்கிற செடி அது. செருப்பு ஆர்க்கிட் காட்டில் மரங்களுக்கடியில், இலைச் சருகிலும் பாறை இடுக்கிலும் வளர்வது. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழையும்போது இருக்கிற நிழலும் ஈரமும் அதற்கு வேண்டும். பழைய வீடு அது. கீழே முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், கிணற்றடிப் பக்கமாக, அப்படி ஓர் இடம் இருந்தது. பகல் 11 மணிக்கும் வெயில் நேராக விழவில்லை. கடல் காற்றின் ஈரம் இருக்கிறது. தண்ணீர்தான் தகராறு. கிணற்று நீரை வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. வாண்டா, டென்ட்ரோபியம் போல இதற்குத் தடித்த தண்டு கிடையாது. நீரைச் சேமித்து வைக்க இடமில்லாத செடி. காயவும் விடக் கூடாது, வேரில் தேங்கவும் விடக் கூடாது. உப்பு நீரைத் தொடர்ந்து ஊற்றினால் முதலில் வேர் நுனி கருகும். இலையில் தெரிவதற்கு மாதங்கள் ஆகும். கூரையிலிருந்து விழும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைக்கச் சொன்னேன்.

பிறகு, எந்தச் செடி? இலையைப் பார்த்துச் சொல்கிற ஒரு பழைய கணக்கு உண்டு. இலை முழுப்பச்சையாக இருந்தால் குளிர் கேட்கும். பாம்புத்தோல் போலத் திட்டுத்திட்டாக இருந்தால் சூட்டைத் தாங்கும். ஏறக்குறைய சரி. ஆனால் கணக்கை மீறுகிறவையும் உண்டு: ஃபிலிப்பைன்ஸ் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் ஃபிலிப்பினென்ஸுக்கு இலை பச்சைதான், வாழ்வது வெக்கையில். அது எனக்குப் பிடித்த பூ. நீண்டு முறுக்கிய பக்க இதழ்களோடு ஒரே தண்டில் பல பூ. ஆனால் பூக்க வருடக்கணக்கில் ஆகும். காத்திருப்பதன் ருசி தெரிந்தவருக்குத்தான் அதைக் கொடுக்கலாம். நிவியம் என்று ஒன்று, லங்காவியிலும் தாய்லாந்தின் தென்கோடித் தீவுகளிலும் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே வளர்வது. கை அகலத்துக்குள் அடங்கும் வெள்ளைப் பூ. கடலோர இரவு அதற்குப் பிறந்த வீடு. அதைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மெதுவாக வளர்வது. குருத்தில் ஓர் இரவு தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அந்தப் புளித்த வாடை மூக்கில் வந்தது. விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் வேறொரு ஆசையும் வந்து போயிற்று. அதை மறைப்பதற்கில்லை. தென்னிந்தியாவுக்கென்று ஒரே ஒரு செருப்பு ஆர்க்கிட்தான் உண்டு: ட்ரூரியை. 1865இல் கர்னல் ட்ரூரி அகத்தியமலைப் பகுதியில் கண்டது. 1874இல் பெட்டோம் அதற்கு அவர் பெயரை வைத்தார். மஞ்சள் பூ, மேலிதழிலும் பக்க இதழ்களிலும் நடுவே மையால் இழுத்த மாதிரி ஒரு கரும்பழுப்புக் கோடு. அகத்தியர் மலையில் வேறெங்கும் இல்லாத ஒரு பூ என்றால் தமிழில் எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும். நம் மண், நம் பூ என்று கட்டுரைகூட மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேலே, திறந்த புல் சரிவுகளில், மலைக்காற்றில் வளர்வது அது. வியாபாரத்துக்காக வாரிக்கொண்டு போய்ப் போய் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைப் பிடுங்குவது திருட்டு. புதுச்சேரிக்குக் கொண்டுவருவது கொலை. அதைக் கொடுக்க விரும்பியபோது நான் நண்பரை நினைக்கவே இல்லை. அதைக் கொடுக்கக்கூடிய என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுப்பவனின் பெருமைக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிற பரிசை, வாங்கிக்கொள்கிறவர் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் மனம் நின்றது மிகச் சாதாரணமான ஒன்றில். மாடியே என்று பெயர். சார்ல்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1900இல் பதிவு செய்த கலப்பினம். அதன் பெற்றோர் இரண்டில் ஒன்றான லாரன்ஸியானம் போர்னியோவைச் சேர்ந்தது. இன்னொன்றான கலோசம் தாய்லாந்திலும் கம்போடியாவிலும் வியட்நாமிலும் வளர்வது. கலோசம் என்று படித்தபோது எனக்கு சைகோன் ஞாபகம் வந்தது. இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களில் குமாஸ்தாவாகவோ சிப்பாயாகவோ சைகோன் போய்வந்த ஒரு தாத்தா இருக்கிறார். பிரெஞ்சுக் கப்பல் ஒரே கொடியின் கீழ் இணைத்த இரண்டு வெக்கைகள். அகத்தியமலைச் செடி இங்கே பிழைக்காது, சைகோன் பக்கத்துச் செடியின் வாரிசு பிழைக்கும் என்பதில் மண்வாசனை பேசுகிற நம் விமர்சகர்களுக்கு ஏதாவது இருக்கலாம். மண் என்பது வரைபடத்தில் இல்லை; இரவு எத்தனை டிகிரி வரை இறங்குகிறது என்பதில் இருக்கிறது. எங்கள் தாவரவியல் பூங்காவை 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்டதும், பின்னால் பெரோத்தே என்பவர் அதைக் கவனித்ததும், வெளியூர்ச் செடிகளில் எது இங்கே பிழைக்கும் என்று பார்க்கத்தான். பிழைத்தவை மரமாகி நிழல் தருகின்றன. பிழைக்காதவற்றுக்கு அங்கே பெயர்ப்பலகை இல்லை.

மாடியே புதுச்சேரியின் மே மாதத்தை விரும்பாது, பொறுத்துக்கொள்ளும். புதிதாக வளர்க்கிறவருக்கு இந்தப் பொறுமைதான் தேவை, அழகு அல்ல. அழகும் இல்லாமலில்லை. பூ இல்லாத மாதங்களிலும் இலையின் பச்சைத் திட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பூத்தால் ஒற்றைப் பூ நிமிர்ந்து இரண்டு மாதம் வரை நிற்கும். பூத்த செடியாக வாங்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். வாழையைப் போலத்தான் இதுவும். ஒரு கன்று ஒருமுறைதான் பூக்கும். பிறகு பக்கத்தில் வருகிற கன்றுதான் தொடர வேண்டும். கடையில் பூவோடு நிற்கும் ஒற்றைக் கன்றை வாங்கினால், வாங்குகிறவர் முடிவை வாங்குகிறார். பூத்து முடிந்த ஒன்று, வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்று, கண் விட்டிருக்கும் ஒன்று என்று மூன்று கன்றாவது உள்ள தொட்டியாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் தீர்மானமான பிறகு சட்டம் குறுக்கே வந்தது. 1972ஆம் வருடத்துக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தம், பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதையும் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் வைத்தது. 2022இல் பட்டியல்களை மாற்றி எழுதியபோதும் அது நீங்கவில்லை. உரிமம் இல்லாமல் வளர்க்கக் கூடாது. உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்து அன்றி வாங்கவோ பெற்றுக்கொள்ளவோ கூடாது. 'பெற்றுக்கொள்ளவோ' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். முசியே தொட்டியைப் பிரித்து என் கையில் வைத்தாரே, அந்தக் காரியத்துக்கு இன்று இடமில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஷில்லாங்கிலிருந்து வந்த அந்தச் செடி எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். யாரோ மலைச்சரிவில் வேரோடு பெயர்த்தது. அன்போடு கொடுத்தார்கள், அன்போடு வாங்கினோம், ஒரே வருடத்தில் பாதியும் மூன்று வருடத்தில் மீதியும் செத்தது. இப்படி எத்தனை அன்புகள் அந்த மலையிலிருந்து இறங்கியிருக்கும்.

ஆகவே நண்பரிடம் சொன்னேன்: முதலில் உரிமத்துக்கு மனுப் போடுங்கள், வந்த பிறகு, விதையிலிருந்து வளர்த்து ரசீதோடு விற்கிற, உரிமம் உள்ள நாற்றங்காலில் உங்கள் பெயரிலேயே வாங்குவோம், பணம் என்னுடையது. அவர் முகம் சற்று வாடியது. பரிசு என்பது கையில் வந்து விழ வேண்டிய ஒன்று என்று எல்லோரையும் போல அவரும் நினைத்திருப்பார். அதனால் மறுநாள் ஒரு மண்தொட்டியை எடுத்துப்போனேன். பக்கவாட்டில் ஓட்டை போட்டது. உடைத்த செங்கல்லும் கரித்துண்டும், ஒரு வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பு எடுத்த தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு நிரப்பினேன். செடி இல்லை. தாழ்வாரத்தில் அந்த இடத்தில் வைத்துவிட்டு, "செடி வர்ற வரைக்கும் இதுக்குத் தண்ணி ஊத்துங்க" என்றேன். காலையில் மட்டும், டிரம் தண்ணீர். ஊற்றியதும் தூக்கிப் பார்க்க வேண்டும். மறுநாள் தூக்கிப் பார்க்க வேண்டும். எந்தக் கனத்தில் மறுபடி ஊற்றுவது என்பதைக் கை கற்றுக்கொள்ள வேண்டும். எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித்தர முடியாது. நானும் முடியாது.

அன்றைக்குத்தான் முசியேவின் கதையையும் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும், "அந்தச் செடி போனா எனக்குச் சொல்லணும். அது ஒண்ணுதான் நிபந்தனை" என்றேன். நண்பர் பதில் சொல்லவில்லை. தொட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

இது நடந்தது பங்குனியில். சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து ஒருநாள் இரவு அவரிடமிருந்து தொலைபேசி. அச்சகத்தில் தேர்தல் வேலையோ கல்யாணப் பத்திரிகைகளோ, ராத்திரி பகல் என்று ஓட்டம். "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார். "பன்னெண்டு நாளா தண்ணி ஊத்த மறந்துட்டேன். இப்பத்தான் தூக்கிப் பார்த்தேன், தக்கை மாதிரி இருக்கு. செடி இருந்திருந்தா போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றேன்.

"சொல்லணும்னு தோணுச்சு."

உரிமம் இன்னும் வரவில்லை. வந்ததும் போய் வாங்கலாம் என்றேன்.